நம்பிய தலைவர் வசைபாட ஆரம்பித்தால் அவரை எப்படிக் கேட்பது

ஒருவருக்காக வெயிலில் நின்றிருக்கிறீர்கள். துண்டறிக்கை கொடுத்திருக்கிறீர்கள், வீட்டில் சண்டை போட்டிருக்கிறீர்கள், அவர் ஆளுங்கட்சியைக் கேள்வி கேட்கும்போது டிவிக்கு முன்னால் உட்கார்ந்து "அப்படிப் போடு" என்றிருக்கிறீர்கள். அவர் தேர்தலில் தோற்றார், கட்சித் தலைமையும் போனது. கொஞ்ச நாள் சத்தமே இல்லை. அப்புறம் ஒரு நாள் வாயைத் திறந்தார், திறந்தது திறந்ததுதான். அதுவும் எதிரியைத் திட்டினால் பரவாயில்லை, திட்டுவது தன் பழைய கட்சியை, கூட இருந்தவர்களை, கடைசியில் சுற்றிவளைத்துப் பார்த்தால் உங்களை.

இந்த இடத்தில் பலரும் இரண்டில் ஒன்றைச் செய்வார்கள். "பதவி போன வயிற்றெரிச்சல்" என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவார்கள், இல்லையென்றால் "உள்ளே இருந்தவரே சொல்கிறார், அப்போ எல்லாம் உண்மைதான்" என்று மொத்தமாக விழுங்கிவிட்டு அரசியலே சாக்கடை என்று கதவைச் சாத்திக்கொள்வார்கள். நான் இரண்டையும் செய்திருக்கிறேன், ஒரே ஆள் விஷயத்தில், ஆறு மாத இடைவெளியில். இரண்டுமே சோம்பேறித்தனம்தான். கசந்துபோய்ப் பேசுகிறவர் பொய்தான் சொல்வார் என்று எந்தச் சட்டமும் இல்லை, உள்ளே இருந்தவர் கண்ணுக்கு எல்லாம் சரியாகத்தான் தெரிந்திருக்கும் என்றும் இல்லை. உட்கார்ந்து பிரித்தெடுக்க வேண்டும், கொஞ்சம் நேரம் பிடிக்கும் வேலை. ஒரு பேனா, நாலு தாள் போதும்.

செய்து காட்ட ஒரு ஆள் வேண்டும். சொந்த ஊர் ஆளை எடுத்தால் உடனே கோபம் வந்துவிடும், அதனால் ஆஸ்திரேலியாவின் மார்க் லேதமை எடுத்துக்கொள்கிறேன். இந்த வகைக்கு அவரைப் போலப் பொருத்தமான ஆள் கிடைப்பது கஷ்டம்.

தேதி போட்டுப் பட்டியல் எழுதுங்கள்

முதல் தாளில் அவர் செய்ததையும் சொன்னதையும் தேதிவாரியாக எழுதுங்கள். உங்கள் கருத்து எதையும் இதில் சேர்க்கக்கூடாது, இதுதான் கஷ்டமான பகுதி. "அப்போது நன்றாகத்தான் இருந்தார்" என்று எழுதக் கை துடிக்கும். எழுதாதீர்கள்.

லேதமுக்குப் போட்டால் இப்படி வரும். 2003 டிசம்பர் 2, 42 வயதில் தொழிலாளர் கட்சியின் தலைவர், அதாவது எதிர்க்கட்சித் தலைவர் ஆகிறார். கட்சி எம்.பி.க்களின் வாக்கெடுப்பில் முன்னாள் தலைவர் கிம் பீஸ்லியை 47க்கு 45 என்று ஜெயிக்கிறார், இரண்டே வாக்கு. வந்த வேகத்தில் எம்.பி.க்களுக்கான கொழுத்த ஓய்வூதியத் திட்டத்தை மூடுவேன் என்று அறிவிக்கிறார், பிரதமர் ஜான் ஹோவர்ட் சில நாட்களிலேயே அதே வழிக்கு வரவேண்டியதாகிறது. 2004 மார்ச்சில், இராக்கிலிருக்கும் படைகளை கிறிஸ்துமஸுக்குள் திரும்பக் கொண்டுவருவேன் என்கிறார். குழந்தைகளுக்குப் புத்தகம் வாசித்துக் காட்டுங்கள் என்று பெற்றோர்களிடம் பேசுகிறார், ஏழை வீட்டுப் பிள்ளைகளும் ஏறக்கூடிய "வாய்ப்பின் ஏணி" என்பது அவருக்குப் பிடித்த உவமை. 2004 அக்டோபர் 9 தேர்தலில் தோல்வி, அதுவும் ஹோவர்டின் பலம் முன்பைவிடக் கூடிய தோல்வி. டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாட்கணக்கில் அவரிடமிருந்து ஒரு வார்த்தை வரவில்லை என்று பெரிய சர்ச்சை, கணைய அழற்சியால் படுத்திருந்தார் என்பது அப்புறம் வந்த விளக்கம். 2005 ஜனவரி 18, தலைமையையும் எம்.பி. பதவியையும் ஒரே நாளில் விட்டுவிட்டுப் போகிறார்.

அதே வருடம் செப்டம்பரில் தன் நாட்குறிப்புகளைப் புத்தகமாக வெளியிடுகிறார். கட்சி, கோஷ்டிகள், கூட இருந்த தலைவர்கள், பத்திரிகையாளர்கள் என்று யாரும் தப்பவில்லை. அதே மாதம் ஒரு பல்கலைக்கழக மேடையில், லட்சியமுள்ள இளைஞர்கள் கட்சி அரசியலை ஏன் மறந்துவிட வேண்டும் என்பதற்குப் பத்துக் காரணம் சொல்கிறார். 2010 தேர்தலில் டிவி நிகழ்ச்சிக்காக மைக்கைப் பிடித்துக்கொண்டு, பிரச்சாரத்தில் இருந்த தன் பழைய சகா, பிரதமர் ஜூலியா கில்லார்டையே வழிமறிக்கிறார், வாக்குச்சீட்டை வெறுமையாகப் போட்டுவிட்டு வாருங்கள் என்று மக்களுக்கு யோசனையும் சொல்கிறார். 2017ல் வேறொரு சிறு கட்சி, 2018ல் குடியேற்ற எதிர்ப்பாளர் பாலின் ஹான்சனின் ஒன் நேஷன் கட்சி, 2019ல் அந்தக் கட்சியின் பெயரில் நியூ சவுத் வேல்ஸ் மேலவை. 2023ல் ஹான்சனோடும் சண்டை, அங்கிருந்தும் விலகல்.

இப்படி எழுதி முடித்ததும் ஒரு விஷயம் கண்ணில் படும். பட்டியலாகப் போடாமல் மனசில் வைத்துப் பார்த்தவரை, நல்ல லேதம் ஒருவர், கெட்ட லேதம் ஒருவர், நடுவில் ஏதோ ஒரு இரவில் ஆள் மாறிவிட்டார் என்றுதான் தோன்றும். தாளில் அப்படி ஒரு இரவு கிடைக்காது. உங்கள் தலைவருக்கும் கிடைக்காது என்றே நினைக்கிறேன், தேடிப் பாருங்கள்.

பார்த்தது, நினைத்தது, வலித்தது

இதுதான் இருக்கிற வேலையிலேயே முக்கியமானது. அவர் இப்போது பேசும் ஒரு பேட்டியையோ எழுதிய ஒரு கட்டுரையையோ எடுத்துக்கொண்டு, வரிவரியாக மூன்றில் ஒன்று என்று குறியுங்கள். "அந்தக் கூட்டத்தில் இன்னார் இப்படிச் சொன்னார்", "வேட்பாளரை ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கவில்லை, இரண்டு பேர் போனில் முடித்தார்கள்" என்பதெல்லாம் அவர் பார்த்தது. "இந்தக் கட்சி இனி தேறாது" என்பது அவர் நினைப்பது. "முதுகில் குத்தினார்கள், நன்றி கெட்டவர்கள்" என்பது வலி.

பார்த்ததை மட்டும் தனியாக எடுத்து வையுங்கள். அதைச் சரிபார்க்க முடியும். நினைத்ததை வாதிட முடியும். வலியைச் சரிபார்க்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது, பாவம் என்று நினைத்துவிட்டு நகர வேண்டியதுதான். சிக்கல் எங்கே வருகிறதென்றால், நன்றாகப் பேசத் தெரிந்தவர்கள் மூன்றையும் ஒரே வாக்கியத்தில் குழைத்துக் கொடுத்துவிடுவார்கள், வலியின் சூட்டில் மற்ற இரண்டும் உண்மை போலவே ஒலிக்கும். எதிர்க்கட்சித் தலைவராக இருந்தவருக்கு இது கைவந்த கலை, வருடக்கணக்கில் அதற்குத்தானே சம்பளம்.

நாட்குறிப்பு மாதிரியான புத்தகமாக இருந்தால் ஒரு சின்ன தந்திரம் உண்டு. அன்றன்று எழுதிய பதிவுகளை முதலில் படியுங்கள், தோல்விக்குப் பிறகு எழுதிச் சேர்த்த முன்னுரையைக் கடைசியில் படியுங்கள். புத்தகத்தை அச்சிட்டிருக்கும் வரிசையில் படித்தால் முன்னுரையின் கோபம் கண்ணாடி மாதிரி மூக்கில் உட்கார்ந்துகொள்ளும், பின்னால் வரும் சாதாரணமான வரி கூட சதியாகத் தெரியும்.

சரி, பிரித்துவிட்டோம், பார்த்ததை எப்படிச் சரிபார்ப்பது? அவருக்கு ஆகாதவர்கள் அதையே சொல்லியிருக்கிறார்களா என்று தேடுங்கள். லேதம் தன் கட்சியைப் பற்றி ஓயாமல் சொன்னது, கோஷ்டித் தலைவர்கள்தான் எல்லாம், சாதாரண உறுப்பினருக்கு அங்கே ஒரு மதிப்பும் இல்லை என்பது. 2005ல் அதை வயிற்றெரிச்சல் என்றார்கள். 2010 தேர்தலுக்குப் பிறகு கட்சியே ஸ்டீவ் பிராக்ஸ், ஜான் ஃபாக்னர், பாப் கார் என்ற மூன்று மூத்தவர்களை வைத்து ஒரு பரிசீலனை நடத்தியது. உறுப்பினர் எண்ணிக்கை சரிகிறது, அவர்களுக்குக் கட்சியில் குரல் வேண்டும் என்றுதான் அவர்களும் 2011ல் எழுதிக் கொடுத்தார்கள். 2013ல் தலைவரைத் தேர்ந்தெடுப்பதில் சாதாரண உறுப்பினர்களுக்குப் பாதி எடை என்று விதியையே மாற்றினார்கள். லேதம் சொன்னதற்காக மாற்றவில்லை, ஆனால் அவர் விரல் காட்டிய இடத்தில் ஓட்டை இருந்தது. இதை ஒத்துக்கொள்வதால் அவர் மற்றவர்களைப் பற்றிச் சொன்ன கேவலமான வார்த்தைகளையும் சேர்த்து ஒத்துக்கொள்ள வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் கிடையாது. மொத்தமாக எடுத்துக்கொள், இல்லாவிட்டால் மொத்தமாக விடு என்பது அவர் பேசும் பாணி, நீங்கள் ஏன் அதற்கு ஆட வேண்டும்?

சாவி கையில் இருந்தபோது

அடுத்த தாளில் ஒரே கேள்வி. இப்போது அவர் திட்டும் ஒவ்வொன்றுக்கும் எதிரே, அதிகாரம் அவரிடம் இருந்தபோது அதற்கு என்ன செய்தார் என்று எழுதுங்கள்.

கொஞ்சம் நியாயமாக இருங்கள். எதிர்க்கட்சித் தலைவர் பதவி வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத்தான் பெரியது. உள்ளே கட்சியையும் முழுசாக ஆள முடியாது, அரசும் கையில் இல்லை, 47க்கு 45ல் வந்தவர் என்றால் எதிரே பாதிக் கட்சி கத்தியோடு உட்கார்ந்திருக்கும். பதின்மூன்று மாதத்தில் எல்லாவற்றையும் புரட்டிப்போட முடியாது. அதனால் "ஏன் செய்யவில்லை" என்று கேட்காமல் "முயற்சியாவது செய்தாரா, அன்றைக்கு ஒரு வார்த்தையாவது சொன்னாரா" என்று கேளுங்கள். ஓய்வூதிய விஷயத்தில் லேதம் செய்துகாட்டினார், அந்தக் கட்டத்தில் அவருக்கு முழு மதிப்பெண்.

அப்புறம், தோல்விக் கணக்கில் தன் பங்கை எழுதுகிறாரா என்று பாருங்கள். இதற்குக் கணக்கு உங்கள் கையில் தயாராக இருக்க வேண்டும், அவர் கொடுக்கும் கணக்கை நம்பி உட்காரக்கூடாது. 2004ல் வட்டி விகிதம் ஏறிவிடும் என்று ஹோவர்ட் தரப்பு பயம் காட்டியது, அது வெளியிலிருந்து வந்த அடி. ஆனால் கடைசி வாரத்தில் டாஸ்மேனியாத் தீவின் காடுகளைப் பாதுகாக்க ஒரு திட்டத்தை அறிவித்தது லேதம் எடுத்த முடிவு. மரத் தொழிலாளர்கள், பரம்பரையாகத் தொழிலாளர் கட்சிக்கு ஓட்டுப் போட்டவர்கள், அங்குள்ள லான்செஸ்டன் நகர அரங்கில் கூடி வலதுசாரிப் பிரதமர் ஹோவர்டுக்குக் கைதட்டினார்கள். அந்தத் தீவில் இரண்டு தொகுதி போனது. காட்டைக் காப்பாற்ற நினைத்தது தப்பா என்பது வேறு விவாதம், அதில் நான் அவர் பக்கம்கூட நிற்பேன். ஆனால் யார் காலை வாரினார்கள் என்று எழுத உட்கார்ந்தால் இந்த அரங்கையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

ஆள் நகர்ந்தாரா, கட்சி நகர்ந்ததா

கசப்பு எல்லாம் ஒரே ரகம் இல்லை. பக்கத்தில் இரண்டு பேரை வைத்துப் பார்த்தால் புரியும்.

பிரிட்டனில் கன்சர்வேட்டிவ் கட்சியின் எட்வர்ட் ஹீத். 1974ல் ஒரே வருடத்தில் இரண்டு தேர்தலில் தோற்று எதிர்க்கட்சித் தலைவராக இருந்தவரை, 1975 பிப்ரவரியில் கட்சித் தலைமைத் தேர்தலில் மார்கரெட் தாட்சர் 130க்கு 119 என்று முதல் சுற்றிலேயே முந்தினார். ஹீத் விலகினார், ஆனால் வீட்டுக்குப் போகவில்லை. 2001 வரை எம்.பி.யாக அதே அவையில், தாட்சர் மேல் இருந்த மனக்குறையை மறைக்காமல் உட்கார்ந்திருந்தார். நாடே அதை மகா கோபம் என்று கிண்டலடித்தது. ஆனால் கட்சி மாறவில்லை, பிரிட்டன் ஐரோப்பாவோடு இணைந்திருக்க வேண்டும் என்று தான் நம்பியதையும் மாற்றவில்லை. பிடிவாதக்காரக் கிழவர், சரி, இருந்தாலும் பழைய ஆதரவாளர் ஒருவர் அவரைப் பார்த்து "நான் நம்பியது இந்த ஆளைத்தான்" என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஜெர்மனியில் ஓஸ்கார் லஃபோன்தேன். சமூக ஜனநாயகக் கட்சி எதிர்க்கட்சியாக இருந்த 1995ல் தலைவரானார், 1998ல் கட்சி ஆட்சியைப் பிடித்து அவர் நிதியமைச்சரானார், 1999 மார்ச்சில் திடுதிப்பென்று எல்லாப் பதவியையும் தூக்கிப் போட்டுவிட்டுப் போனார். அந்த இலையுதிர் காலத்திலேயே புத்தகம், சண்டை. 2005ல் கட்சியையும் விட்டார். பழைய தோழர்கள் துரோகி என்றார்கள். ஆனால் அவர் எதிர்த்த நலத்திட்ட வெட்டுகளால் அடிபட்ட மக்கள் நிஜமாகவே இருந்தார்கள், அவர் சேர்ந்து உருவாக்கிய இடதுசாரிக் கட்சி 2009ல் 11.9 சதவீத வாக்கு வாங்கியது. இங்கே நகர்ந்தது கட்சியா, அவரா என்று கேட்டால், பெரும்பாலும் கட்சி என்றுதான் சொல்வேன். 2022ல் அந்தக் கட்சியையும் விட்டுப் போனார், எங்கே போனாலும் ஒத்துப்போகாத ஆள் என்பதும் உண்மை.

லேதமை இந்த இரண்டு பேருக்கும் நடுவில் நிறுத்திப் பாருங்கள். தொழிலாளர் கட்சியின் தலைவராக இருந்தவர், குடியேற்ற எதிர்ப்புக்குப் பேர்போன கட்சியின் பெயரில் அவைக்குள் போனார். இளைஞர்களைக் கட்சி அரசியல் பக்கமே போகாதீர்கள் என்றவர், பதினாலு வருடம் கழித்துத் தானே திரும்பிப் போனார், ஒரு மேலவை இடத்துக்கு. வாக்களிப்பது கட்டாயமாக இருக்கும் நாட்டில் வெற்றுச்சீட்டு போடச் சொன்னவர், அப்புறம் ஓட்டுக் கேட்டு நின்றார். கோஷ்டிகளைப் பற்றி அவர் பார்த்துச் சொன்னதை நான் இன்னும் வைத்திருக்கிறேன். அதற்குப் பிறகு அவர் காட்டிய வழியில் ஒரு அடிகூட எடுத்து வைக்கத் தோன்றவில்லை.

கடைசித் தாள் உங்களுடையது

2004 அக்டோபர் 8, தேர்தலுக்கு முதல் நாள். சிட்னியில் வானொலி நிலையத்துக்கு வெளியே லேதமும் ஹோவர்டும் எதிரெதிரே வருகிறார்கள். கைகுலுக்குகிறார்கள். லேதம் ஆஜானுபாகு, ஹோவர்ட் குள்ளம். லேதம் அந்தக் கையை விடாமல் தன் பக்கமாக இழுத்து, முகத்துக்கு முகம், மேலிருந்து கீழே பார்க்கிறார். சில நொடிகள்தான். வெள்ளிக்கிழமை பார்த்த ஆதரவாளருக்கு அது துணிச்சல். ஞாயிற்றுக்கிழமை, தோற்ற பிறகு, அதே படம் முரட்டுத்தனத்துக்குச் சாட்சி. கேமராவில் ஒன்றும் மாறவில்லை.

இந்த மாதிரி ஒரு படம் உங்களிடமும் இருக்கும். எனக்கு ஒரு பேச்சின் வீடியோ, போனில் பல வருடமாகச் சேமித்து வைத்திருந்தது. ஒரு நாள் ராத்திரி அதையும் அதே ஆளின் புதுப் பேட்டியையும் அடுத்தடுத்து ஓடவிட்டேன். புதுசில்தான் விஷம் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். பழசிலும் அதே உதட்டுச் சுழிப்பு, பெயரைச் சொல்லாமல் "சிலர்" என்று இழுக்கும் அதே ஏளனம். அன்றைக்கு அது எனக்குப் பிடிக்காத ஆள் மேல் பாய்ந்தது, அதனால் ரசித்திருக்கிறேன். இப்போது என் பக்கம் திரும்பியதும் சுட்டது.

ஆகவே கடைசித் தாளில், அவரிடம் உங்களுக்குப் பிடித்தது என்ன என்று எழுதுங்கள். கொள்கையா, அவர் திட்டும் அழகா? கொள்கை என்றால் அது அவரோடு போய்விடவில்லை, அதற்காக வேலை செய்யும் வேறு ஆட்கள் இருப்பார்கள், அநேகமாகப் பேச்சுத் திறமை குறைந்தவர்களாக, போஸ்டரில் முகம் வராதவர்களாக. திட்டும் அழகுதான் பிடித்தது என்றால், அவர் உங்களை ஏமாற்றவில்லை. அதைத்தான் இன்றும் குறைவில்லாமல் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். "எனக்கு அப்பவே தெரியும்" என்று ஆரம்பிக்காதீர்கள். தெரிந்திருந்தால் வெயிலில் நின்றிருக்க மாட்டீர்கள். முன்பு சொன்ன முதல் தாள் அதற்குத்தான், இன்றைய கசப்பை எடுத்துப்போய் அன்றைய நல்லதின் மேல் பூசாமல் இருக்க. எம்.பி. ஓய்வூதியம் நிஜமாகவே மூடப்பட்டது, 2019ல் லேதம் ஒன் நேஷன் பெயரில் அவைக்குள் போனது அதை அழித்துவிடாது.

நடைமுறையில் கொஞ்சம்

அவருடைய ஒவ்வொரு பேட்டிக்கும் பதில் தேட வேண்டாம். ஒருமுறை உட்கார்ந்து இந்த நாலு தாளையும் எழுதிவிட்டால், புதுசாக வருவதில் முக்கால்வாசி ஏற்கெனவே எழுதியதாகத்தான் இருக்கும். புதுசாக ஏதாவது "பார்த்தது" வந்தால் மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கே நின்று பேசுகிறார், அந்த இடத்துக்கு அவர் பேசுவதால் என்ன லாபம் என்பதையும் ஓரத்தில் குறித்து வையுங்கள், அதற்காகவே சொன்னது பொய் என்று முடிவு கட்டவும் வேண்டாம்.

எதிர்க்கட்சிக்கார நண்பர், இவ்வளவு நாள் வாய்ப்புக்காகக் காத்திருந்தவர், அந்த வீடியோவை அனுப்பி "பார், உங்க ஆளே சொல்றார்" என்பார். அவரிடம் வாதாட வேண்டாம். எத்தனையாவது நிமிடத்தில் சொல்வதை ஒத்துக்கொள்கிறேன், எதை ஒத்துக்கொள்ளவில்லை என்று மட்டும் எழுதி அனுப்புங்கள். "பத்தாவது நிமிடத்தில் சொல்வது சரி, நாங்களே சொல்லிக்கொண்டிருக்கிறோம். பதினெட்டில் சொல்வது அவர் தலைவராக இருந்தபோது அவரே செய்தது." முழு வீடியோவை அவரும் பார்த்திருக்க மாட்டார், அதனால் பெரும்பாலும் பதில் வராது.

அப்புறம் அந்தப் பழைய பேச்சு. அழிக்கலாம் என்று எடுத்தேன், அழிக்கவில்லை. கோப்பின் பெயரில் தலைவரின் பெயர் மட்டும்தான் இருந்தது, பக்கத்தில் தேதியைச் சேர்த்து வைத்திருக்கிறேன்.